பதினோரு நிமிடம் பத்திரமாக இருக்கிறது

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எடை அளவைச் சோதனை அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. திங்கள் முதல் எல்லாக் கணினிகளிலும் புதிய இயங்குதளம் இருக்கும், ஊழியர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஓர் அலுவலகம் எழுத்துபூர்வமாகச் சொன்னால், செய்ய வேண்டியதை எல்லாம் அதுவே செய்து முடித்துவிட்டது என்று பொருள். இது தெரியாத அப்பாவிகள் அங்கே சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தராசுக்காரர்.

தராசுக்காரர் என்பது பட்டப்பெயர். கடைகளிலிருந்து வரும் தராசுகளையும் படிக்கற்களையும் லிட்டர் அளவைகளையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. படிக்கல்லை விரலால் தொடமாட்டார். விரல் ஈரம் எடையில் சேர்ந்துவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். வீட்டில் அதைவிட நல்ல தரத்தில் திட்டு வாங்கிப் பழகியவர்.

திங்கள் காலை கணினியைத் திறந்தார். ஒரு மலையின் படமும் ‘புதிதாகத் தொடங்குவோம்’ என்ற வாசகமும் வந்தன. அலுவலகக் கோப்புகள் இருந்தன. ‘சொந்தம்’ என்று பெயரிட்ட ஃபோல்டர் மட்டும் இல்லை. ஊழியர்களின் மனிதத் தேவைகளை மதித்து, ஆளுக்கு ஒரு ‘சொந்தம்’ வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகமே அனுமதித்திருந்தது. மற்றவர்கள் அதில் கல்யாணப் படங்களும் ராசிபலனும் வைத்திருந்தார்கள். தராசுக்காரருடையதில் ஒரே ஒரு ஃபைல்தான். பதினோரு நிமிட ஒலிப்பதிவு. அவர் மனைவியின் குரல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “ஏங்க, போனை எடுத்துப் பதிவு பண்ணிக்குங்க. உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது” என்று ஆரம்பித்தவள் பதினோரு நிமிடம் நிறுத்தவில்லை. மோட்டாரை எப்போது போட வேண்டும், நீலச் சட்டையை ஏன் தனியாகத் துவைக்க வேண்டும், பரணில் எந்தப் பெட்டியைத் தொடவே கூடாது, அவள் தங்கை வந்து அழுதால் என்ன சொல்லி அனுப்ப வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அதற்குப் பிறகு அவளிடம் இருப்பது ஒரு சிலேட்டு. கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். ரொம்பக் கோபம் வந்தால் சாக்பீஸ் உடையும்.

பதிவு இருந்த போன், அலுவலகத்தில் இருபது லிட்டர் அளவையில் தண்ணீர் நிரப்பிச் சோதித்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து அதற்குள் விழுந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கு ஒரு வாரம் முன்பே பக்கத்து மேஜைக்காரர் யோசனை சொல்லியிருந்தார். “போனை நம்பாதீங்க சார். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க. தினமும் காப்புப் பிரதி எடுக்கறாங்க.” அதன்படி செய்தார். அன்று முதல் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதினோரு நிமிடம் திட்டு வாங்குவார். வெளியூர் போன நாட்கள் தவிர ஒருநாள்கூட விட்டதில்லை.

காப்புப் பிரதி எடுத்தது உண்மை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. நாலாவது மாடியில் காப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. தினமும் நாலு மணிக்கு அங்கிருந்து மணி அடிக்கும். அடுத்த பன்னிரண்டு நிமிடம் கட்டடத்தில் யாரும் விசைப்பலகையைத் தொடக் கூடாது. எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் தும்மிய ஒருவரிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்ததுண்டு.

தராசுக்காரர் நாலாவது மாடிக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“என் ஃபைல் தொலைஞ்சு போச்சுங்க.”

“அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க சார். எங்க பிரிவுல எதுவும் தொலையாது.”

“சரி, காணோம்.”

“நீங்க காணோம். நாங்க கண்டுகிட்டுதான் இருக்கோம். பத்திரமா இருக்கு.”

தராசுக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. “அப்ப எடுத்துக் குடுங்களேன்.”

ஜன்னல்காரர் பேனாவை மூடி வைத்தார். “எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் அது எப்படி சார் காப்புல இருக்கும்?”

“ஒரு நகல் போதுங்க.”

“எங்ககிட்ட இருக்கறதே நகல். நகலுக்கு நகல் எடுக்க விதி கிடையாது. மூலத்தைக் கொண்டு வாங்க, எத்தனை வேணும்னாலும் எடுத்துத் தரோம்.”

“மூலத்தைத்தான் நீங்க அழிச்சுட்டீங்களே!”

“நாங்க இல்ல. மேம்பாட்டுப் பிரிவு. மூணாவது மாடி.”

மூணாவது மாடியில், தாங்கள் எதையும் அழிக்கவில்லை, பழையது இல்லாதபடி புதுப்பித்திருக்கிறோம் என்று விளக்கினார்கள். மீட்பு விண்ணப்பம் ஒன்று கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். விண்ணப்பப் படிவம் பழைய இயங்குதளத்தில் இருந்தது. அதை மீட்க மீட்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஒன்பது நாள் அலைந்த பிறகு, கேன்டீனில் டீ ஃபிளாஸ்க்குக்கு அடியில் விரித்திருந்த ஒரு தாளில் அந்தப் படிவம் அச்சாகியிருப்பதைத் தராசுக்காரர் கண்டுபிடித்தார். வட்டமாக ஒரு டீக் கறை இருந்தது. ஜன்னல்காரர் அதை அலுவலக முத்திரை என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது. மனைவி சிலேட்டை எடுத்தாள்.

‘என்ன, இஞ்சி தின்ன மாதிரி?’

சொன்னார். அவள், ‘விடுங்க. திட்டினதுதானே. சிலேட்டிலேயே திட்டறேன்’ என்று எழுதிக் காட்டினாள். துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்து அவர் முன்னால் சிலேட்டை நீட்டினாள். ‘கிடைக்குமா?’

தன் குரல் வேறு எங்கேயும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். “கெடைக்கும்” என்றார் தராசுக்காரர்.

விண்ணப்பம் உள்ளே போனதும் தலைமைக் காப்பாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். குளிர் எலும்பைக் குத்தியது. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க ஒலிநாடா மாதிரி பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வருடமும் மாதமும் முத்து முத்தான கையெழுத்தில். நடுவில் பட்டுத்துணி போர்த்திய ஒரு பழைய கணினி. பழைய பெட்டிகளைப் படிக்கத் தெரிந்த ஒரே கணினி அதுதான். பிரிவின் ஆண்டு விழாவன்று மட்டும் துணியை எடுத்துத் திறந்து மூடுவார்கள்.

“பத்தொம்பது வருஷம்” என்று தலைமைக் காப்பாளர் ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. “பத்தொம்பது வருஷமா இந்தக் கட்டடத்துல யார் என்ன டைப் அடிச்சாலும் அது எங்ககிட்ட இருக்கு. பிழையோட இருக்கு. இது வரைக்கும் ஒரு ஃபைல் வெளிய போனதில்ல. மத்த ஆபீஸ்ல எல்லாம் கேட்டா எடுத்துக் குடுத்துடறாங்க. அவங்க காப்புப் பிரிவா நடத்தறாங்க? லெண்டிங் லைப்ரரி நடத்தறாங்க.”

“நான் கேக்கறது என் சொந்த ஃபைலுங்க.”

“அங்கதான் சிக்கல். ஆபீஸ் ஃபைல்னா யாருக்கு வேணும்னாலும் குடுத்துடலாம், யாருக்கும் அதுல அக்கறை கிடையாது. சொந்த ஃபைல்னா சொந்தக்காரருக்குத்தான குடுக்கணும்? நீங்கதான் சொந்தக்காரர்னு எப்படித் தெரியும்?”

“என் கம்ப்யூட்டர்ல இருந்துதுங்க.”

“என் வீட்டு வாசல்ல ஒரு பூனை இருக்கு. அது என் பூனையா?” என்றார் தலைமைக் காப்பாளர். “ஒண்ணு பண்ணுங்க. ஃபைல்ல இருக்கறதை ஒரு வார்த்தை விடாம எழுதிக் குடுங்க. நாங்க ஒத்துப் பாக்கறோம். சரியா இருந்தா உங்களுது.”

“எல்லாமே எனக்கு மனப்பாடமா இருந்தா, ஃபைல் எதுக்குன்னு கேப்பீங்களே?”

“அது தத்துவம். இது ஆபீஸ். நாங்க அப்படிக் கேக்கவே மாட்டோம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர் சொல்லிக்கொண்டே எழுதினார். தினமும் கேட்டவருக்கு மறக்குமா? எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே நர்சு உள்ளே வந்து போனாள் என்பது வரை தெரிந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்துத் திருத்தினாள். ‘மரமண்டைன்னு சொல்லலை. மண்டூகம்னு சொன்னேன்’ என்று எழுதினாள். “ரெண்டும் சொன்ன. மரமண்டை ரெண்டாவது நிமிஷம், மண்டூகம் ஏழாவது நிமிஷம்” என்றார். அவள் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அலுவலகத்துக்காக அவர்கள் செய்த எந்த வேலையிலும் அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

எட்டாவது பக்கத்தின் அடியில், ‘போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, கொசு வருது’ என்று எழுதியதும் பேனா நின்றது. அதற்குப் பிறகும் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் சிலேட்டைப் பார்த்தாள். சாக்பீசை எடுக்கவில்லை. அவர் பேனாவை மூடினார்.

எட்டுப் பக்கமும் போன பிறகு, நிர்வாகத்துக்குப் புதிய சந்தேகம் ஒன்று பிறந்தது. வார்த்தை ஒத்துப்போனால் போதுமா, குரல் ஒத்துப்போக வேண்டாமா? பேசியவரை நேரில் அழைத்து வரச் சொல்லி உத்தரவு வந்தது.

அவள் சிலேட்டோடு வந்தாள். ஐந்து பேர் கொண்ட குழு மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தது. தலைமைக் காப்பாளர் நடுவில். ஓரத்தில் ஐந்தாவது ஆளாகச் சுருக்கெழுத்தம்மா. மைக்கை அவள் வாய்க்கு நேராக வைத்தார்கள்.

“அம்மா, ரெண்டு வார்த்தை பேசுங்க. என்ன வேணும்னாலும் பேசலாம்.”

‘என்னால பேச முடியாது’ என்று எழுதிக் காட்டினாள்.

“கூச்சப்படாதீங்க. ஒரு வார்த்தை போதும்.”

தராசுக்காரர் டாக்டரின் சான்றிதழை நீட்டினார். தலைமைக் காப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். “குரல்வளை நீக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. எங்க ஃபைல்ல இருக்கறவங்களுக்குக் குரல் கணீர்னு இருக்கு. அப்ப அது வேற ஆள்.”

“அது ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசினதுங்க!”

“தேதி அப்படிச் சொல்லலையே. மேம்பாட்டுக்கு அப்புறம் எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதிதான். மேம்பாடு நடந்த திங்கக்கிழமை.” அவர் குழுவின் பக்கம் திரும்பினார். “அந்தத் திங்கக்கிழமை பதினோரு நிமிஷம் பேசியிருக்காங்க. இன்னைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க.”

சாக்பீஸ் உடைந்தது. சிலேட்டில் பெரிய எழுத்தில் என்னவோ வந்தது. தராசுக்காரர் அதைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். மைக் இரண்டு நிமிட அமைதியைப் பதிவு செய்தது. ‘மாதிரி எடுக்கப்பட்டது. மனுதாரரின் மனைவி பேச மறுத்தார்’ என்று குறிப்பில் ஏறியது. அந்த அமைதிக்கும் அன்று நாலு மணிக்குக் காப்புப் பிரதி எடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் அவர்கள் மனிதர்கள்தானே. கருணை அடிப்படையில், எழுத்தை மட்டும் ஒத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. பட்டுத்துணி விலக்கப்பட்டது. கணினி முனகிக்கொண்டே எழுந்தது. ஒரே ஒரு ஹெட்போன். விதிப்படி ஒருவருக்கு ஒரு முறை. ஐந்து பேரும் வரிசையாக மாட்டிக்கொண்டு, கையில் எட்டுப் பக்கத்தோடு, ஆளுக்குப் பதினோரு நிமிடம் கேட்டார்கள். மற்ற நால்வரும் அந்த நேரத்தில் டீ குடித்தார்கள்.

கணவனும் மனைவியும் எதிர் பெஞ்சில் இருந்தார்கள். ஹெட்போன் ஓரத்திலிருந்து ஈ பறக்கிற அளவுக்குச் சத்தம் கசிந்தது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அது அவள்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதைக் கேட்கிறாள். பெஞ்சின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். தராசுக்காரருக்கு எழுந்து போய் அந்த ஹெட்போனைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருட உத்தியோகம் அவரை உட்காரவைத்தது. அந்தப் பழக்கத்தை அவர் பிறகு பல நாள் சபித்தார்.

கடைசியாகக் கேட்டவர் சுருக்கெழுத்தம்மா. முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. “சார், சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை போடட்டுமா? கொஞ்சம் சத்தமா?” என்றார், பெஞ்சைப் பார்த்துக்கொண்டே.

“ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா” என்று தலைமைக் காப்பாளர் அவர் கையிலிருந்து அதை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மொத்தம் ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு வார்த்தை. நீங்க எழுதினதுல ஆயிரத்து நானூத்திப் பதினொண்ணு அச்சு அசலா ஒத்துப்போகுது. என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. குழு சார்பா பாராட்டறேன்.” ஐந்து பேரும் லேசாகக் கைதட்டினார்கள். “ஒரு வார்த்தை மட்டும் ஃபைல்ல கூடுதலா இருக்கு. பத்தாவது நிமிஷம், அம்பத்திரண்டாவது விநாடி. கொசு வருதுன்னு சொன்னதுக்கு அப்புறம். ஒரு ஆம்பளை பேரு.”

ரேஷன் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார். “இது யாரு?”

“நாந்தாங்க.”

“உங்க சம்சாரம் உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“ஏங்கன்னு.”

“பேர் சொல்லி?”

“சொன்னதில்லைங்க. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான்.”

“எப்ப?”

“அதுலதாங்க. அதான் அது.”

அவள் தலை குனிந்திருந்தாள்.

“அப்ப ஏன் எழுதல?”

தராசுக்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாது. “அது ஆபீசுக்குச் சொன்னது இல்லைங்க” என்றார்.

தலைமைக் காப்பாளர் பெருமூச்சு விட்டார். “பாருங்க, எனக்கு உங்க மேல தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்ல. ஆனா என் நெலமையில இருந்து யோசிங்க. புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடற ஒரு அம்மாவோட ஃபைலை, பேர் சொல்லாத ஒரு அம்மாவோட புருஷன்கிட்ட நான் எப்படிக் குடுப்பேன்? நாளைக்கு உண்மையான புருஷன் வந்து நின்னா என்ன பதில் சொல்றது? ஒரு வார்த்தை வித்தியாசம் உங்களுக்குச் சின்னதா இருக்கலாம். நீங்களே ஒரு கிராம் கூடினா தராசைத் திருப்பி அனுப்பற ஆளு.”

“அனுப்புவேன் சார்” என்றார் தராசுக்காரர். “ஆனா யார் கொண்டு வந்தாங்களோ அவங்ககிட்டதான் திருப்பி அனுப்புவேன். நானே வெச்சுக்க மாட்டேன்.”

குழு இந்த வாதத்தை ரசித்தது. சுருக்கெழுத்தம்மா அதைக் குறிப்பில் ஏற்றவும் செய்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பட்டுத்துணி மறுபடி போர்த்தப்பட்டது.

வெளியே வரும்போது ஜன்னல்காரர் கூப்பிட்டார். “சார், சேவை மதிப்பீட்டுப் படிவம். இதை நிரப்பாம யாரையும் கீழ அனுப்பறதில்ல.” ஒரே ஒரு கேள்விதான். ‘எங்கள் சேவையைப் பற்றித் தாங்கள் சொல்ல விரும்புவது என்ன?’

தராசுக்காரர் பேனாவை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

‘சொல்றதுக்குக் குரல் வேணும். அது உங்ககிட்ட இருக்கு.’

ஜன்னல்காரர் படித்துப் பார்த்து, “நல்லபடியா எழுதியிருக்கீங்கம்மா. எங்ககிட்ட இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க” என்று மலர்ந்தார். அதே வாசகம் அந்த வருடத்தின் சிறந்த பிரிவுக்கான பரிந்துரையில் ‘பயனாளி ஒருவரின் நற்சான்று’ என்ற தலைப்பில் இடம்பெற்றது. கேடயமும் கிடைத்தது. அதையும் பட்டுத்துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். தராசுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். “உன் குரலைக் காப்பாத்திக் குடுக்க முடியல என்னால” என்றார். அவள் சிலேட்டில் இருந்த பெரிய எழுத்துகளை முந்தானையால் துடைத்தாள். கையில் மிச்சமிருந்த சாக்பீஸ் துண்டால் மெதுவாக ஒரு வார்த்தை எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

அவருடைய பெயர்.

மறுநாள் அவளுக்குப் புது சிலேட்டு வாங்கினார். பழையது சோதனைச் சாலையில், படிக்கற்கள் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இடுக்கியால்கூட யாரையும் தொட விடுவதில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பதினோரு நிமிடம் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் காப்புப் பிரிவிலிருந்து ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வந்தார். “சார், சாக்பீஸ் எழுத்து அழிஞ்சுடும். எங்ககிட்ட குடுங்க, ஒரு ஸ்கேன் எடுத்துப் பத்திரமா வெச்சுக்கறோம்” என்றார்.

தராசுக்காரர் எழுந்து, அவரை மரியாதையாக வாசல் வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு, கொசு வரும் என்று கதவைச் சாத்தினார்.